தண்டனை யாரைச் சேர வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகளை உடைத்துத் திருடும் சிறுவர்களைத் தயவு பாராமல் சிறையில் அடைக்க வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பொருளையும் நிம்மதியையும் இழந்தவர்களின் கோபம் நியாயமானதே. ஆயினும், தென்னாப்பிரிக்கச் சட்டம் சிறுவர்களைக் கண்டிக்காமல் விட்டுவிடுகிறது என்று அவர் கருதுவது சரியன்று.

2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சிறார் நீதிச் சட்டத்தின்படி, நன்னடத்தை அலுவலர் ஒருவர் குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் வீட்டுச் சூழலையும் படிப்பையும் விசாரித்து அறிக்கை தர வேண்டும். கைதான 48 மணி நேரத்துக்குள் முதல்நிலை விசாரணைக்கு அவனைக் கொண்டுவர வேண்டும். குற்றத்துக்குத் தானே பொறுப்பேற்பவனை வழக்கிலிருந்து விலக்கி மாற்றுத் திட்டம் ஒன்றில் சேர்க்கலாம். பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்பதும், இழப்பை ஈடுசெய்வதும், சமூகப் பணி செய்வதும் அத்திட்டத்தில் இடம்பெறலாம். நிபந்தனைகளை மீறினால் வழக்கு மீண்டும் தொடரலாம். கொடிய குற்றங்களுக்கு, 14 வயது நிரம்பியவர்களைச் சிறைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பு.

பிரம்படி இருந்தவரை பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள் என்று நம் பெரியவர்களில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். சிறுவர்களுக்கு நீதிமன்றங்கள் விதித்துவந்த அந்தப் பிரம்படித் தண்டனையை அரசியலமைப்பு நீதிமன்றம் 1995இல் செல்லாததாக்கியது. அது சரியான தீர்ப்பு என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அடித்து வீட்டுக்கு அனுப்பிய அந்த முறை, பையனைத் திருட ஏவியவர் யார் என்று கேட்டதில்லை. இன்று டர்பனில் நம் சாட்ஸ்வொர்த்தில் 'ஷுகர்ஸ்' என்னும் போதைப்பொருளுக்கு அடிமையான ஒரு பையன், அது கிடைக்காதபோது வரும் உடல் வேதனையைத் தாங்க முடியாமல் திருடுகிறான். சிகிச்சை இல்லாமல் அவனைச் சிறையில் வைத்தால், வெளியே வந்ததும் அதே தெருமுனைக்குத்தான் போவான். கடுமை வேண்டுமென்றால், அவனுக்கு அதை விற்றவர்மீதும், குற்றத்துக்கு அவனைப் பயன்படுத்திய பெரியவர்மீதும் அது பாயட்டும். பிள்ளைகளைக் குற்றத்தில் ஈடுபடுத்துவதை 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் தெளிவாகத் தடைசெய்கிறது.

மாற்றுத் திட்டம் தாளில் மட்டும் இருந்தால் பயனில்லை. அதை நடத்த இடமும் பொறுப்பான பெரியவர்களும் தேவை. வார நாட்களின் பிற்பகலில் பூட்டிக் கிடக்கும் கோயில் மண்டபங்களை இதற்குத் திறந்துவிடவும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களை மேற்பார்வைக்கு அழைக்கவும், சமூக வளர்ச்சித் துறையின் உள்ளூர் அலுவலகத்துடன் நம் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்கள் பேச வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.