கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள், இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதல்வர்கள், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்கள், மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்கள் ஆகியோருக்குத் திறந்த மடல்.

வணக்கம்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரின் கேஸ் ஷீட்டில் காரணம் என்று பெரும்பாலும் என்ன எழுதப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தீராத வயிற்று வலி. இல்லாவிட்டால் குடும்பத் தகராறு. போலீஸ் வாக்குமூலத்திலும் அதுதான், மறுநாள் பேப்பரிலும் அதுதான். காலை ரவுண்ட்ஸில் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நிற்க, கால்மாட்டில் கணவர், தலைமாட்டில் மாமியார் இருக்க, "எதுக்கும்மா இப்படிப் பண்ணே?" என்று கேட்டால் வயிற்று வலி என்று சொல்வதுதான் புத்திசாலித்தனம். உடம்பில் ஏறிய விஷத்தை முறிக்க நம் மருத்துவமனைகள் ராப்பகலாகப் பாடுபடுகின்றன. அதில் எங்களுக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எந்த மனநிலையோடு வந்தாரோ அதே மனநிலையோடு, மாத்திரைச் சீட்டும் மறுபடி வரவேண்டிய தேதியுமாக அவர் வீடு திரும்புகிறார். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை.

நாங்கள் கேட்பது இதுதான்: டிஸ்சார்ஜுக்கு முன் 45 நிமிடம், பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து ஒரு தாளை எழுத வேண்டும். எழுதியவரே பிறகு போனில் தொடர்ந்து விசாரிக்க வேண்டும்.

'அவரோடு சேர்ந்து' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஜோப்ஸ் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காக உருவாக்கிய 'காம்ஸ்' என்ற சிகிச்சை முறையில் சிகிச்சையாளர் எதிரில் உட்காருவதில்லை. அனுமதி கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் தோளோரம் உட்காருகிறார். தாளும் பேனாவும் முதலில் நோயாளி கையில். மனவலி, அழுத்தம், நிலைகொள்ளாத தவிப்பு, நம்பிக்கையின்மை, தன்மேலேயே வெறுப்பு ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை அவரே மதிப்பெண் போடுகிறார், ஒவ்வொன்றையும் தன் வார்த்தையில் ஒரு வரி விளக்குகிறார். பிறகு வாழக் காரணங்கள் ஒரு பக்கம், சாகத் தோன்றும் காரணங்கள் இன்னொரு பக்கம். 'எந்த ஒன்று மாறினால் இந்த எண்ணம் விலகும்?' என்பது கடைசிக் கேள்வி. இதிலிருந்து, அவரைச் சாவை நோக்கித் தள்ளுகிற இரண்டு பிரச்சினைகளை இருவரும் சேர்ந்து பொறுக்கி எடுத்து, சிகிச்சையை அவற்றின் மேல் வைக்கிறார்கள்.

இரண்டாவது பட்டியலைப் பார்த்துத்தான் நம் பணியாளர்கள் பயப்படுகிறார்கள். "சாகணும்னு ஏன் தோணுது" என்று வெளிப்படையாகக் கேட்டால் நாமே யோசனை கொடுத்ததாகிவிடாதா என்கிறார்கள். ஆகாது. அப்படிக் கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். கேட்காவிட்டால்தான் வயிற்று வலி. கேட்டு, எழுதவும் விட்டால், 'குழுக் கடன் ரெண்டு தவணை நின்னுபோச்சு, செவ்வாய்க்கிழமை வீட்டு முன்னாடி வந்து உக்காருவாங்க' என்று வரும். வயிற்று வலிக்கு மாத்திரை எழுதலாம். செவ்வாய்க்கிழமைக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

சொற்களை அப்படியே மொழிபெயர்த்து வைத்தால் தாள் செத்துவிடும். 'உளவியல் வேதனை' என்று அச்சடித்தால் பென்னாகரத்திலிருந்து வந்தவருக்கும் புரியாது, எழுதுகிற நர்ஸுக்கும் புரியாது. 'மனசுல எவ்வளவு பாரம்?', 'இருப்புக் கொள்ளாம தவிக்குதா?', 'இனி எதுவும் மாறாதுன்னு எவ்வளவு தோணுது?' என்று இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கை விரலை மடக்கிக் காட்டினால் போதும். அவர் சொல்லச் சொல்ல, அவர் பார்க்கும்படி தாளைப் பிடித்து, அதே வார்த்தைகளை எழுதுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். வேதனையைத் தாய்மொழியில்தான் சொல்ல வரும். எனவே அங்கே பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது அந்த மொழி பேசுகிறவருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 'காம்ஸ்' முறை தற்கொலை எண்ணத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. மறுமுயற்சியைத் தடுக்கிறது என்பதற்கு அந்த அளவுக்கு இல்லை. முழு முறையும் பல வாரங்கள் நடப்பது. அவ்வளவு நீளம் என்று நம் ஊரில் யாரும் வராமல் போய்விடக்கூடும். அதனால் வார்டில் அதன் உட்காரும் முறையையும் கேட்கும் முறையையும் எடுத்துக்கொண்டு, எழுதும் தாளுக்கு அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது எங்கள் கருத்து. அதில் ஆறு படிகள்.

முதல் படி, எண்ணம் கிளம்பப்போகிறது என்பதற்கான அடையாளம். இங்கேதான் தாள் பாதி கெட்டுப்போகிறது. 'மன அழுத்தம்' என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள். அது அடையாளமே இல்லை. 'ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்த் தனியா உக்காருவேன், போனை அணைச்சிடுவேன்' என்பது அடையாளம். அந்த நேரத்தில் தன்னையே அவர் பார்த்துக்கொள்ள முடியும். இரண்டாவது, யார் துணையும் இல்லாமல் தானாகச் செய்யக்கூடியது: முகம் கழுவுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, பாட்டுக் கேட்பது. 'தியானம்' என்று எழுதாதீர்கள், அவரே கேட்டால் தவிர. எதை எழுதினாலும் உடனே ஒரு கேள்வி: "அந்த நேரத்துல இதை நிஜமாச் செய்வீங்களா? எது தடுக்கும்?" தடுப்பது என்னவென்று தெரிந்தால் அதைச் சரிசெய்யலாம், முடியாவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதலாம்.

மூன்றாவதும் நான்காவதும் குழம்பும். மூன்றாவதில் வருகிறவர்களுக்கு விஷயமே தெரியவேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடை, மாரியம்மன் கோயில் திண்ணை என்று ஆள் நடமாட்டம் இருந்தால் போதும். நான்காவதில் வருகிறவரிடம் "எனக்கு மறுபடி அப்படித் தோணுது" என்று வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். அந்த ஆளை நோயாளிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட வந்திருக்கிறார் என்பதற்காகக் கணவர் பெயரை நாமே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. தங்கை பெயர் வந்தால் அவள் எந்த ஊர், ஏழு மணிக்கு மேல் அங்கே பஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போன அண்ணன் என்றால் அவருடைய இப்போதைய நம்பர் வேண்டும். முடிந்தால் அங்கிருந்தே ஒரு போன் போட்டுப் பேச வையுங்கள்.

ஐந்தாவது, உதவி எண்கள். 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை 14416, மருத்துவ உதவிக்கு 104. இரண்டுமே தமிழில், எந்நேரமும் கிடைப்பவை. வார்டை விட்டுப் போகுமுன் நோயாளி கையாலேயே ஒருமுறை 14416-ஐ அழைத்துப் பார்க்கட்டும். ஒருமுறை அழைத்துப் பழகிய நம்பருக்கும் சுவரில் ஒட்டிய நம்பருக்கும் வித்தியாசம் உண்டு.

ஆறாவது படி, வீட்டை ஆபத்தில்லாததாக ஆக்குவது. இது மட்டும் குடும்பத்தை உள்ளே கூப்பிட்டுப் பேச வேண்டியது, அதுவும் நோயாளி சம்மதித்த ஒருவரை. பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டமோ போச்சம்பள்ளி மாந்தோப்போ, எந்த வீட்டில் பூச்சிமருந்து இல்லை? "பூட்டி வெச்சுட்டோம் சார்" என்பார்கள். சாவி சமையலறை ஆணியில் தொங்கும். ஆகவே கேள்வி 'பூட்டினீர்களா' அல்ல, 'சாவி யார் இடுப்பில்' என்பது. குடிப்பழக்கம் உள்ளவரிடம் சாவி போகக் கூடாது. அதைவிட நல்லது, ஒரு தடவை தெளிக்கத் தேவையானதை மட்டும் வாங்கி, மிச்சத்தை வீட்டுக்கே கொண்டுவராமல் இருப்பது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்றே பொதுப் பெட்டகம் வைத்து, விவசாயிகள் தேவைப்படும்போது எடுத்துப் போகும்படி செய்து பார்த்தார்கள். 2013-இல் அதன் முடிவு வெளியானது, மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆட்சியர்கள் வேளாண்மைத் துறையோடு பேசி ஒரு ஒன்றியத்திலாவது இதைத் தொடங்கலாம். மருத்துவமனை தன் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும்: இந்த நோயாளிகளுக்கு ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மட்டும். அதற்காகச் சித்தேரியிலிருந்து வாராவாரம் அரூர் வரச் சொல்வது நியாயமில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர் மாத்திரை வீடு தேடிப் போகும் வழியில் இதுவும் போகலாம், நோயாளி சரி என்றால் மட்டும். உள்ளூர்த் தன்னார்வலருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவர் பயந்தால், அந்தப் பயம் நியாயமானது.

தாள் ஏ4 அளவில் வேண்டாம். மடித்தால் ஸ்மார்ட் ரேஷன் கார்டு அளவு, அந்தக் கார்டு உறைக்குள்ளேயே அடங்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கொன்ராட் மிஷெலும் சகாக்களும் தற்கொலைக்கு முயன்றவர்களுக்காக உருவாக்கிய 'அசிப்' என்ற குறுகிய சிகிச்சை முறையிலும் பர்ஸில் அடங்கும் மடிப்பு அட்டைதான் தருகிறார்கள். மூன்று அமர்வுகள், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு அவ்வப்போது ஒரு கடிதம். 120 பேரிடம் நடந்த அவர்களுடைய ஆய்வில், 24 மாதங்களில் இந்தச் சிகிச்சை பெற்ற பிரிவில் 5 மறுமுயற்சிகள், மற்றப் பிரிவில் 41.

ஒரு வழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறோம். சத்தியம் வாங்குவது. குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தி, "இது தலையில அடிச்சுச் சொல்லு, இனிமே பண்ண மாட்டேன்னு" என்று சொல்வது. உறவினர்கள் செய்வார்கள், சில இடங்களில் பணியாளர்களே செய்கிறார்கள். எண்ணம் திரும்ப வரும்போது அந்தப் பெண்ணுக்கு அது வாயடைப்பாகத்தான் பயன்படும். குழந்தை தலையில் அடித்த சத்தியத்தை மீறப்போகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? வெளிநாடுகளில் கையெழுத்து வாங்கும் 'செய்துகொள்ள மாட்டேன்' ஒப்பந்தங்களும் பலன் தந்ததற்குச் சான்று இல்லை. செய்ய மாட்டேன் என்பதல்ல தாளில் வரவேண்டியது. அந்த நேரம் வந்தால் என்ன செய்வேன் என்பது.

அடுத்தது போன். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில் 1,867 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் ஒரு விசாரிப்பு. மொத்தம் ஒன்பது. 18 மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். இந்தப் பிரிவில் 0.2 சதவீதம். இதைவிட மலிவான மருத்துவம் நம் மருந்துக் கிடங்கில் இல்லை.

போனிலும் சொதப்பும் இடங்கள் உண்டு. போன் கணவர் கையில் இருக்கும். எனவே "வேற யாராவது எடுத்தா நாங்க யாருன்னு சொல்லட்டும்?" என்பதை வார்டிலேயே கேட்டு, நம்மிடம் இருக்கும் தாளின் நகலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் புது நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார்கள்; ஒரே சிம், ஒரே குரல். பேச்சு "எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கீங்களா" என்று முடிந்தால் அது கணக்குக்கான போன். இருவரும் அவரவர் கையில் உள்ள தாளை விரித்து வைத்துக்கொண்டு, எந்தப் படி உதவியது, எது உதவவில்லை என்று கேட்டு, இரண்டு தாளிலும் திருத்த வேண்டும். சிக்னல் இல்லாத மலைக் கிராமங்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் போகட்டும், மறுபடியும் நோயாளியின் சம்மதத்தோடு.

ஆள் கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு 2 டிஸ்சார்ஜ் என்று வைத்தால் எழுத 90 நிமிடம். ஒருவருக்கு 9 போன் என்றால், ஒன்றரை ஆண்டு கழித்து நாளுக்கு 18 போன். ஒன்றுக்கு 8 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதிவும் சேர்த்தால் ஒருவருடைய முழுநாள் வேலை. ஏற்கெனவே மூன்று வார்டு பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸிடம் 'இதையும் பாரும்மா' என்று கொடுத்தால் மூன்றாவது மாதமே டிக் அடிக்கும் படிவமாகிவிடும். மருத்துவமனைக்கு ஒருவர் தனியாக, அவர் விடுப்பில் போனால் இன்னொருவர். பயிற்சியும் ஒருநாள் ஸ்லைடு காட்டி மதிய உணவோடு முடிவதாக இருக்கக் கூடாது. ஒருவர் நோயாளியாக நடிக்க, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுத் தாளையும் எழுத வேண்டும். அதை மூன்று முறையாவது செய்து, தப்பைப் பார்த்த பிறகே வார்டுக்கு அனுப்புங்கள்.

எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். பூச்சிமருந்து விஷத்தை முறிக்கக் கொடுக்கும் அட்ரோபின் மருந்தின் மயக்கத்தில் உளறிக்கொண்டிருப்பவரிடம் எழுதி வாங்கிய தாள் மறுநாள் அவருக்கே நினைவிருக்காது. ஐ.சி.யூ.வை விட்டு வந்து, நாள், கிழமை, இடம் சரியாகச் சொல்லும்போது தொடங்குங்கள். இன்னொரு பக்கம், "நாங்க கூட்டிட்டுப் போறோம், கையெழுத்துப் போடுறோம்" என்று குடும்பம் அவசரப்படுத்தும். அப்போது பத்து நிமிடம்தான் கிடைக்கும். ஒன்று, நான்கு, ஆறு ஆகிய படிகளை மட்டுமாவது எழுதி, போன் நம்பர் இரண்டு வாங்கிவிடுங்கள். மீதியை முதல் வாரப் போனில் முடிக்கலாம். காதில் குரல் கேட்டு அது சொல்வதால் செய்தவர், இப்போதும் செய்யத்தான் போகிறேன் என்கிறவர் ஆகியோருக்குத் தாள் போதாது. மனநல மருத்துவர் பார்த்து உள்நோயாளியாக வைக்க வேண்டும்.

கடைசியாக, போலீஸ். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவாகிறது, ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது. நோயாளி வாயைத் திறக்காததற்கு இது ஒரு காரணம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. இதை இரண்டு வரியில் எழுதி வார்டில் மாட்டுங்கள், உட்காரும்போது வாயாலும் சொல்லுங்கள். எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதையும் பேனாவைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மருத்துவரிடம் சொல்வோம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண் வந்து, கட்டாயக் கல்யாணத்தாலோ வேறு வழியிலோ பாலியல் கொடுமை நடந்தது பேச்சில் வெளிப்பட்டால், போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். நம் இரு மாவட்டங்களிலும் அப்படி வருகிற பிள்ளைகள் உண்டு. எல்லாவற்றையும் எழுதி வாங்கிய பிறகு அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை இனி யாரையும் நம்பாது.

தேவைப்படும் பொருட்கள்: வார்டுக்கு ஒரு நகர்த்தக்கூடிய திரை, இரண்டு நாற்காலி, அச்சடித்த தாள், ஒரு போன், ஒரு சிம். உறவினர்களை முக்கால் மணி நேரம் வெளியே அனுப்ப வார்டு பொறுப்பாளர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். அந்த நேரத்தில் அவர்கள் டீ குடித்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மனநலப் பணியில் இருப்போர்