அக்காவுக்கு, மின்சாரம் போன அந்த மாலையைப் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா மறைந்து ஓராண்டு நிறைந்த மறுநாள், யாரும் கை வைக்கக்கூடாது என்று அவர் சொல்லிவைத்திருந்த மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே இருந்தவற்றில் நீ அறியாதது ஒன்றுதான்: காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் கேட்புக் கருவி. அதனுடன் வந்த அட்டையில் ஆறு சிறு மின்கலங்கள் இருந்திருக்க வேண்டும். ஐந்து, முதுகில் ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளோடு, அப்படியே இருந்தன. அந்தத் தாளை உரித்துக் காற்றுப் பட்டதும் மின்கலம் வேலை செய்யத் தொடங்கிவிடும். பிறகு கருவியை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அதன் ஆயுள் கரைந்துகொண்டே போகும். மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். அப்பா அதை எத்தனை நாள் அணிந்தார் என்பதற்கு அந்த அட்டையே கணக்கு.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நாம் இருவரும் தொலைபேசியில் பேசினால் அது எங்கே போய் நிற்கும் என்பது உனக்கும் தெரியும். மேலும், அப்பாவுக்கு உன் மகளைப் பிடிக்காது என்று நீ சொன்னது நாலு பேர் கூடியிருந்த இடத்தில். ஆகவே பதிலும் நாலு பேர் படிக்கும் இடத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அவர்களில் சிலர் இதையும் படிப்பார்கள் என்பதால், அன்று உனக்கு ஒத்து ஊதியவர்கள் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மின்சாரம் போன அந்த மாலை உனக்கு நினைவிருக்கும். நான் மெழுகுவத்தி தேடியபோது, இருட்டே நன்றாக இருக்கிறது, வேண்டாம் என்று தடுத்தவள் நீ. மின்விசிறி நின்றுபோன கூடத்தில் பேச்சு எவ்வளவு துல்லியமாகக் கேட்டது! நம் சிறுவயதுக் கதைகளை நீ ஒவ்வொன்றாக எடுத்துவிட, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்போது உன் மகள் அப்பாவின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, உங்களுக்கு இருட்டுன்னா பயமா?” என்று கேட்டாள். அவர் பேசவில்லை. மீண்டும் கேட்டாள். மூன்றாம் முறை அவள் குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. நீ எழுந்து அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாய். கதவு அறைந்து சாத்தப்பட்ட ஓசை மட்டும் அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

குழந்தை பேசியது அவருக்குக் கேட்கவேயில்லை, அக்கா.

வயதாகும்போது காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. கீச்சென்ற, மெல்லிய ஒலிகள் முதலில் போகின்றன. கதவின் அதிர்வும் ஆண்குரலின் கனமும் நெடுநாள் தங்குகின்றன. மருத்துவர் காட்டிய வரைபடத்தில் அப்பாவின் கோடு, கனத்த ஒலிகளுக்கான இடப்பக்கத்தில் ஏறக்குறையச் சமமாக வந்து, கீச்சொலிகளுக்கான வலப்பக்கத்தில் மலைச்சரிவாக இறங்கியது. குழந்தைகளின் குரலைப் புரியவைக்கும் ஒலிகள் பெரும்பாலும் அந்தச் சரிவில்தான் இருக்கின்றன. பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. மிச்சத்தை அவர் நம் உதடுகளைப் பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தார். பொழுது சாயும் முன்பே விளக்கைப் போடச் சொல்லி அவர் அடம்பிடித்ததையும், வீண் செலவென்று அம்மா முணுமுணுத்ததையும் நீ கேலி செய்திருக்கிறாய். விளக்கில்லாத மாலையில் அவருக்குக் காதும் இல்லை.

உன் அழைப்பு வரும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினாரே, அதுவும் இதனால்தான். பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தும். அதற்கு மேலுள்ள கீச்சொலிகள் அறுந்துபோகும். உன் குரலில் அவருக்கு எஞ்சியிருந்ததிலும் ஒரு பகுதியைக் கம்பி தின்றுவிடும், உன் முகமும் தெரியாது. நலமா, சாப்பிட்டாயா என்று கேட்டால், எதிர்முனையில் என்ன பதில் வந்தாலும் சமாளித்துவிடலாம் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

எனக்கு இது இரண்டு ஆண்டுகளாகத் தெரியும். உன்னிடம் சொல்லக்கூடாது, அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாள் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். வாக்கைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சொல்லியிருந்தால், எந்த மருத்துவர், எந்தக் கருவி, ஏன் இன்னும் வாங்கவில்லை என்று நீ நாள்தோறும் என்னை விசாரித்திருப்பாய் என்ற எரிச்சலும் எனக்கு இருந்தது. ஆண்டுக்கு இருமுறை வந்து போன உனக்கு அவை கதை சொல்லும் மாலைகள். எஞ்சிய மாலைகளில் ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று முறை சொல்லித் தொண்டை வறண்டவன் நான். உரக்கச் சொன்னால், “ஏன் கத்துகிறாய்?” என்று கோபித்துக்கொள்வார். அதுவும் அந்தக் குறைபாட்டின் குணமாம்: மெல்லிய ஒலி எட்டாது, சற்றே உயர்த்தினால் காதைக் குத்தும். கருவியை மாட்டிய முதல் நாள், பாத்திரச் சத்தமும் செய்தித்தாள் புரளும் சத்தமும் தாங்கவில்லை என்று கழற்றி வைத்தார். பழகச் சில வாரமாவது ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சில வாரங்கள் அருகில் உட்கார்ந்து பழக்கியிருக்க வேண்டியவன் நான். அலுவலகத்திலிருந்து திரும்பிய களைப்பு என்று எழுத வருகிறது, அது உண்மையும்கூட. ஆனாலும் உட்காரவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று மின்சாரம் வந்தபோது அப்பா முதலில் பார்த்தது மூடிய கதவைத்தான். பிறகு என் வாயையே பார்த்தபடி, “குழந்தை ஏதாவது கேட்டாளா?” என்றார். எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். அதன்பின் அவர் எழுந்து வந்து கதவைத் தட்டுவார், நீ அழுவாய், இரவு முழுவதும் அது நீளும். நான், “ஒன்றுமில்லை அப்பா” என்றேன். அந்த ஒரு சொல்லை நான் அடிக்கடி சொல்லியிருந்ததால், அதை என் உதட்டிலிருந்து படிக்க அவருக்குச் சிரமமே இருந்ததில்லை. தலையசைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் தூங்கப் போகும்போதும் கூடத்து விளக்கை அணைக்க விடவில்லை.

கருவியையும் அந்த அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன். நீ அடுத்த முறை வரும்போது உன் மகளையும் அழைத்து வா. அவளிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்பதை மட்டும் முன்கூட்டித் தெரிவித்துவிடு.

உன் தம்பி