இன்னும் பச்சை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் மற்ற செய்திகளையெல்லாம் இரண்டு வரிகளில் முடித்துவிட்டு, மேலாளர் மதிப்பீட்டில் எழுதிய ஒரு சொல்லுக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். ‘ஸ்டில் கிரீன்.’ அகராதியில் ‘அனுபவமற்ற, எளிதில் ஏமாறக்கூடிய’ என்று பார்த்த பிறகு அன்றிரவு உறங்கவே இல்லை என்கிறாய். அகராதி பொய் சொல்லவில்லை, கண்ணம்மா. ஆனால் இத்தனை ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஒரு சொல்லோடு பழக அகராதியின் ஒரு வரி போதாது.

கிரீன், வளர்தலைச் சொல்லும் குரோ, புல்லைச் சொல்லும் கிராஸ் ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதனால்தான் ஆங்கிலத்தில் பல இடங்களில் கிரீன் நிறத்தைக் குறிப்பதே இல்லை. வெட்டி உலராத மரம் கிரீன். வறுக்காத காபிக் கொட்டை கிரீன். இறுகியும் முழு வலிமை பெறாத கான்கிரீட்டையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதன் நிறமோ சாம்பல். நிலா ‘கிரீன் சீஸால்’ ஆனது என்ற பழைய வேடிக்கைப் பேச்சைக் கேட்டிருப்பாய். அங்கேயும் பச்சை நிறம் கிடையாது. புதிதாகச் செய்த, முதிராத பாலாடைக்கட்டியைத்தான் சொன்னார்கள்.

தமிழ் பேசி வளர்ந்த உனக்கு இது அந்நியமாக இருக்கவே கூடாது. பச்சைக் குழந்தை என்கிறோம், பச்சைப் புண் என்கிறோம், பச்சைத் தண்ணீர் என்கிறோம். எதிலாவது நிறம் இருக்கிறதா? சுடாத மண்பாண்டத்தை ஆங்கிலத்தில் குயவர்கள் ‘கிரீன்வேர்’ என்பார்கள். 660ஆம் குறளில் வள்ளுவர் அதையே ‘பசுமட்கலம்’ என்கிறார். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே பானையைப் பார்த்து ஒரே சொல்லை எடுத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. பசுமட்கலத்தில் நீர் நிற்காது, உண்மைதான். ஆனால் அது கோணிவிட்டால் நீரில் கரைத்து மீண்டும் வனையலாம். சுட்ட பானைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஷேக்ஸ்பியரிடமும் இந்தச் சொல் பல முகங்களோடு வருகிறது. ‘ஒதெல்லோ’வில் பொறாமைக்குப் பச்சைக் கண். ‘ட்வெல்த் நைட்’ நாடகத்தில், சொல்லாத காதலால் வாடும் பெண்ணின் துயரத்துக்குப் பச்சையும் மஞ்சளுமான நிறம், நம் பசலையேதான். கிளியோபாட்ரா தன் இளமைக்கால அறிவைக் கிரீன் என்று சொல்லும் இடம்தான் உனக்கு வேண்டியது. எகிப்தின் அரசியே ஒரு காலத்தில் கிரீனாக இருந்தவள்.

ஒன்றில் கவனமாக இரு. இரண்டு மொழிகளும் எல்லா இடத்திலும் கைகோத்துப் போவதில்லை. ஒருவன் பச்சை பச்சையாகப் பேசினான் என்பதற்கு ஆங்கிலத்தில் கிரீன் போடாதே. ஆபாசத்துக்கு அங்கே நிறம் நீலம். ஸ்பானிய மொழியிலோ நம்மைப் போலவே பச்சை. பச்சைப் பொய்யையும் அப்படியே பெயர்க்க முடியாது. உன் முகம் கிரீனாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், குமட்டுகிறதா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி உன் மேலாளர். உனக்கு அனுபவம் போதாது என்றுதான் அவர் சொல்கிறார். அதை நான் மழுப்பப் போவதில்லை; வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆன உனக்கு வேறு எப்படி இருக்கும்? ஆனால் இகழ நினைத்திருந்தால் கத்துக்குட்டி என்னும் பொருளில் ‘கிரீன்ஹார்ன்’ என்று எழுதியிருக்கலாம். ‘இன்எக்ஸ்பீரியன்ஸ்டு’ என்று வறட்டுச் சொல்லைப் போட்டிருக்கலாம். அவர் எழுதியது ‘ஸ்டில்’. இன்னும். காலம் போனால் மாறும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மரவேலை செய்பவர்களிடம் ஒரு பழைய முறை உண்டு. நாற்காலியின் கால்களை ஈரம் முழுதும் வற்றாத பச்சை மரத்திலும், கால்களை இணைக்கும் குறுக்குக்கட்டைகளை நன்கு உலர்ந்த மரத்திலும் செய்வார்கள். காலில் துளையிட்டு, உலர்ந்த கட்டையின் முனையை அதில் அடித்து இறக்குவார்கள். நாள் ஆக ஆகப் பச்சை மரம் சுருங்கி, உலர்ந்த முனையை இறுகப் பற்றிக்கொள்ளும். பசை கூட இல்லாமல் அந்த இணைப்பு நிற்கும். இரண்டுமே உலர்ந்த மரமாக இருந்தால் இந்தப் பிடிப்பு வராது.

தளராத முதுமையை ஆங்கிலத்தில் ‘கிரீன் ஓல்ட் ஏஜ்’ என்பார்கள். எனக்கு அதன்மேல் பெரிய ஆசை. உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் அந்தத் தொடர் பிடித்துவிட்டது.

அந்த மதிப்பீட்டிலிருந்து இரண்டு சொற்களை மட்டுமே எனக்கு எழுதியிருக்கிறாய். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? முழு வாக்கியத்தையும் அனுப்பு. ‘ஸ்டில் கிரீன், பட்’ என்று ஏதாவது தொடர்ந்திருந்தால், அதை விட்டுவிட்டாயே என்று உன்னைக் கடிந்துகொள்வேன்.

அன்புடன்,
அப்பா