ஓட்டுநர் மட்டுமா குற்றவாளி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தனியார் டவுன் பஸ்கள் போட்டி போட்டுப் பறப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம் பழி ஓட்டுநர் தலையில்தான் விழுகிறது. அவர் ஏன் அப்படி ஓட்டுகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

நான் வேலைக்குப் போவது அந்த பஸ்ஸில்தான். நிறுத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் பின்னால் வரும் வண்டிக்காரர் சண்டைக்கு வருகிறார். டைம் கீப்பர் சத்தம் போடுகிறார். கலெக்‌ஷன் குறைந்தால் தினப்படியான பேட்டாவிலும் அடி. பஸ் நிலையத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, சிறுநீர் கழிக்கக்கூட நேரமில்லாமல் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்கள். பக்கத்திலேயே இன்ஜின் சூடு வேறு. இப்படி ஓட்டுபவரை நம்பித்தான் பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டில் நிற்கிறார்கள்.

ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் தெரிவித்தன. நம் ஓட்டுநர்களில் பலர் அந்த 55-ஐத் தாண்டியவர்களாகத்தான் இருப்பார்கள்.

வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் இன்றைய நெரிசலுக்கு ஏற்ப ஓட்ட நேரத்தை மாற்றி அமைக்க வேண்டும். கலெக்‌ஷனைப் பார்க்காமல் நிலையான சம்பளம் தர வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனையை முதலாளிகள் தங்கள் செலவில் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு பயணி, சேலம்