டெஸ்ட் பட்டனை அழுத்திய ஆண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் குடியிருப்பு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். தண்ணீர்த் தொட்டி, குப்பை, வண்டி நிறுத்தும் இடத்துச் சண்டை எல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன, திரும்பவும் படித்துக் காட்டி உங்கள் பொறுமையைச் சோதிக்கப்போவதில்லை. இந்த ஆண்டு சங்கம் உருப்படியாகச் செய்தது ஒரே வேலைதான்: வீடு வீடாகப் போய் மின் இணைப்புகளைப் பார்த்தது. அது தொடங்கியது என் வீட்டில், என் அசட்டையில்.

வாஷிங் மெஷினை ஈரக்கையோடு தொட்டால் சுருக்கென்கிறது என்று வீட்டில் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன பதில், "செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு." சங்கத்தின் செயலாளர் சொன்ன யோசனை இது, பதிவில் இருக்கட்டும். கடைசியில் நச்சரிப்பு தாங்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் பச்சை எர்த் வயரின் நுனியில் டேப் சுற்றி, பெட்டிக்குள் மடக்கிச் செருகியிருந்தது. எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் பித்தளை. யார் செய்தார்களோ, எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ, தெரியாது. த்ரீ பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காக. நம் வீட்டில் அது அத்தனை ஒழுங்காகப் போய்த் தொட்டது காற்றை.

அந்தச் சுருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அவர்தான் விளக்கினார். மெஷினுக்குள் மின் இரைச்சலைத் தடுக்க வைத்திருக்கும் ஃபில்டர் வழியாக எப்போதும் துளி மின்சாரம் எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்குமாம். எர்த் இல்லையென்றால் அது போக வழியில்லாமல் வெளி உடம்பிலேயே நிற்கும், தொட்டால் கடிக்கும். அந்தக் கடி பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு மோட்டார் இன்சுலேஷன் போய் முழு 230 வோல்ட்டும் அதே உடம்புக்கு வந்தாலும் அதை இறக்கிவிட ஆள் இல்லை என்று மெஷின் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் செருப்பு போடச் சொன்னேன்.

இதில் என்னை உறுத்தியது இன்னொன்று. மின்கசிவைக் கண்டால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை நான் தவறாமல் அழுத்துகிறவன். அழுத்தியதும் டக்கென்று விழும், எல்லாம் சரி என்று போய்விடுவேன். அந்தப் பட்டன் காட்டுவது அந்தச் சாதனம் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான். எர்த் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை, உள்ளே ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பொய்யாக ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். எர்த்தை மீட்டர் வைத்துத் தனியாக அளக்க வேண்டும். டெஸ்டர் விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அது ஃபேஸ், அதாவது கரன்ட் வரும் கம்பி, இருக்கிறதா என்று மட்டுமே காட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செயற்குழுவில் இதைச் சொன்னதும் விடுமுறை நாட்களில் ஒவ்வொரு வீடாகப் பார்ப்பது என்று முடிவானது. தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் மீட்டரோடு வந்தார், நான் நோட்டோடு போனேன். முதல் நாளே ஒரு வீட்டில் பட்டனை அழுத்திவிட்டு, உள்ளறையில் கம்ப்யூட்டரில் மீட்டிங்கில் இருந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதன் பிறகு அழைப்பு மணி அடித்து, எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, அப்புறம்தான் அழுத்தினோம்.

பட்டனை அழுத்தியும் விழாதவை சில. ஒரு வீட்டில் சுவருக்குப் பெயின்ட் அடித்தவர் பட்டனுக்கும் சேர்த்து அடித்திருந்தார், நகத்தால் சுரண்டித்தான் கண்டுபிடித்தோம். பல வீடுகளில் ஆர்சிசிபியே கிடையாது. "எங்களிடம்தான் டிரிப்பர் இருக்கிறதே" என்று காட்டியது எம்சிபியை, அதாவது லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ விழும் ஸ்விட்சை. இந்தக் குழப்பம் எங்கும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஆளை இல்லை. வறண்ட தோலுக்கு மின்தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். நனைந்துவிட்டால் உடம்பின் மொத்தத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு சின்ன பல்பு எரிகிற கணக்கு, அசைந்தே கொடுக்காது. ஆனால் மனித உடம்புக்கு 10 மில்லிஆம்பியர், அதாவது நூறில் ஒரு ஆம்பியர் தாண்டினாலே கைத்தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். அதற்குப் பல மடங்கு மேலே போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். இந்த 'விட முடியாத' அளவைத் தன்னார்வலர்களை வைத்து அளந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், கசிவைக் கண்டு துண்டிக்கும் சாதனம் ஒன்றை 1961-இல் உருவாக்கியவரும் அவரே. ஆர்சிசிபி செய்வதும் அந்த வேலைதான்: ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால் யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்தால் அதற்கும் தெரியாது, உங்களையும் ஒரு பல்பு என்றே நினைத்துக்கொள்ளும்.

"இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகல" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாசலிலேயே நிறுத்தினார். அவரோடு வாதம் செய்யவில்லை. ஹீட்டர் போட்டிருந்த பிளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி, விளிம்பு உருகியிருந்தது. தளர்ந்த இணைப்பில் சூடு ஏறி ஏறி வரும் வேலை அது, எம்சிபியும் விழாது ஆர்சிசிபியும் விழாது, தீ பிடிக்கும்போதுதான் தெரியும். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போடுவது, சுருட்டி வைத்த ஒயரிலேயே பெரிய லோடை ஓட்டுவது, எர்த் பின்னை ஒடித்துவிட்டு டூ பின்னில் செருகுவது, இதெல்லாம் அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தது, என் வீட்டையும் சேர்த்து.

அடுத்து பம்ப் அறை. இது வேலை செய்கிற இடம், அதனால் தனியாகச் சொல்ல வேண்டும். மோட்டார் பழுது பார்க்க வந்தவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு டெர்மினல் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் இல்லை என்று யாரோ கத்த, இன்னொருவர் ஓடிவந்து ஸ்விட்சைப் போட்டார். மெக்கானிக் அந்த நொடியில் ஸ்பேனர் எடுக்கத் தன் கருவிப் பை இருந்த பக்கம் திரும்பியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அன்று மாலையே ஒரு பூட்டு வாங்கினோம். இப்போது யார் கை மோட்டாருக்குள் இருக்கிறதோ அவர் ஸ்விட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வார், "வேலை நடக்கிறது" என்ற அட்டை தொங்கும், வேலை முடிந்து அவரே வந்து திறக்கும்வரை தலைவர் சொன்னாலும் போடக்கூடாது. பெயின்ட் வேலைக்கு அலுமினிய ஏணி கொண்டுவருகிறவர்களைப் படியில் ஏற விடுவதில்லை, மேலே மின்கம்பி போகிற பக்கம் முழுவதும் இந்த விதிதான்.

இன்வெர்ட்டர் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் இருக்கும். ஜெனரேட்டரை, தெரு லைனைத் துண்டித்துவிட்டு மாற்றிக் கொடுக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் சாக்கெட்டில் செருகி வீட்டுக்குக் கொடுப்பதை இங்கே யாரும் செய்யவில்லை என்று நம்புகிறேன். அந்தக் கரன்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாகப் போய், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பியைத் தொடும் தொழிலாளியைக் கொல்லும்.

நர்ஸாக இருக்கும் உறுப்பினர் ஒருவர் ஒரு மாலை முதலுதவி சொல்லிக்கொடுத்தார். ஷாக் அடித்தவரை இழுக்க ஓடாதீர்கள், முதலில் மெயின். மெயின் எட்டாவிட்டால் காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள், அதுவும் வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். தெருக்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டவே போகக்கூடாது. மூச்சில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். தலையணையில் செய்து பார்த்தபோது இரண்டு நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அன்று வந்த குழந்தைகளிடம் "உங்கள் வீட்டு மெயின் எங்கே" என்று கேட்டார், அத்தனை பேரும் சொன்னார்கள். பெரியவர்களில் இருவர் வீட்டுக்குப் போன் செய்து கேட்டார்கள்.

செய்யாமல் விட்டது: மாடிப்படி விளக்குகளின் பழைய வயரிங் அப்படியே இருக்கிறது, மதிப்பீடு வாங்கியிருக்கிறோம், புதிய செயற்குழு முடிவெடுக்கட்டும். ஆர்சிசிபி இல்லாத வீடுகளில் பாதிக்கு மேல் இன்னும் போடவில்லை, பெயர் படிக்கப்போவதில்லை, நோட்டு என்னிடம் இருக்கிறது.

மீட்டர் அறையில் பழைய செய்தித்தாள் கட்டுகள், மெத்தை ஒன்று, நான்கு சைக்கிள்கள் இருக்கின்றன. மூன்று முறை அறிவிப்பு ஒட்டியாயிற்று. சாவி என்னிடம்தான், கூட்டம் முடிந்ததும் அறை வாசலில் நிற்பேன். அந்த மெத்தை யாருடையது என்று எனக்குத் தெரியும்.