கூடாரம் அடிக்கும் வயலைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் கோடை விடுமுறைப் பக்கங்களில், இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலும் கடலோரத்திலும் உள்ள 'கிளாம்பிங்' எனப்படும் வசதி கூடிய முகாம் தங்குமிடங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மரக்குடில்கள், மங்கோலியப் பாணி வட்டக் கூடாரங்களான யூர்ட்டுகள், சக்கரம் பூட்டிய மேய்ப்பர் வண்டிகள், வாசலிலேயே வெந்நீர்த் தொட்டிகள் என்று படங்கள் கண்ணைப் பறித்தன. கட்டுரையில் பிழையான தகவல் என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால், நால்வர் கொண்ட குடும்பம் ஓகஸ்ட் மாதத்தில் அப்படியொரு குடிலில் ஒரு வாரம் தங்க வேண்டுமானால் பல இடங்களில் ஆயிரம் பவுணுக்கு மேல் கொடுக்க நேரிடும் என்பதையும், பக்கத்து வயலிலேயே சொந்தக் கூடாரத்தை அடித்துக்கொண்டால் பெரும்பாலும் அதில் நாலில் ஒரு பங்குதான் செலவாகும் என்பதையும் ஒரு வரியில்கூடக் குறிப்பிடாமல் விட்டது பெருங்குறை. படித்து முடிக்கும் வாசகர் இது நமக்குரியதல்ல என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். குடில் தேவைப்படுகிறவர்கள் குடிலுக்குப் போகட்டும். மற்றக் குடும்பங்கள் வயலிலிருந்தே தொடங்கலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் கூடார விடுமுறையை வளர்த்தவர்கள் பெரும் செல்வந்தர்கள் அல்லர். மிதிவண்டியில் ஊர்சுற்றிக் கூடாரத்தில் தங்குவோருக்கென்று 1901-இல் சங்கம் தொடங்கிய தோமஸ் ஹிராம் ஹோல்டிங் தொழிலால் ஒரு தையற்காரர். மிதிவண்டியின் பின்னே கட்டிக்கொண்டு போகக்கூடிய இலேசான கூடாரங்களைத் தம் கைத்தொழில் அறிவைக் கொண்டே வடிவமைத்தார். அன்று அவர் தொடங்கிய சங்கத்தின் வழிவந்ததுதான் இன்றைய 'கேம்பிங் அண்ட் கரவனிங் கிளப்'. 1906-இல் நோர்போக் கடலோரத்தில் கெய்ஸ்டர் என்னும் ஊரில் ஜோன் பிளெச்சர் டொட் என்ற மளிகை வணிகர், சோசலிச இயக்கத் தோழர்கள் வந்து தங்குவதற்காகத் தம் வீட்டுத் தோட்டத்தில் கூடாரங்களை அடித்தார். அங்கே மதுவுக்கு இடமில்லை, அன்றாட வேலைகளை வந்தவர்களே பகிர்ந்து செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு ஓகஸ்டில், டோர்செட்டின் பூல் துறைமுகத்துக்குள் கிடக்கும் பிரவுன்சீ தீவுக்குப் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களை அழைத்துப் போய், வசதி படைத்தோர் பள்ளிகளின் மாணவர்களையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து கூடாரங்களில் தங்கவைத்தார். நம்மில் பலர் ஊரில் பாடசாலை நாட்களில் சேர்ந்திருந்த சாரணர் இயக்கத்தின் தொடக்கம் அதுதான். சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938-இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்கு முந்திய தலைமுறைத் தொழிலாளிக்குக் கடலோரத்தில் சில நாள் மலிவாகத் தங்கக் கிடைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

வயல் ஏன் முக்கியம் என்பதற்கு இந்த நாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலைவெளிகளிலும் தரிசு மேடுகளிலும் கால்நடையாக எங்கும் நடந்து திரிய உரிமை தந்தது. நடக்கலாம், ஆனால் தங்க முடியாது. ஸ்கொட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்வோருக்குப் பெரும்பாலான திறந்த வெளிகளில் கூடாரமடிக்க இடம் கொடுத்திருக்க, இங்கிலாந்தில் நிலத்துக்குரியவரின் அனுமதியில்லாமல் கூடாரம் அடிப்பது அத்துமீறலாகவே கொள்ளப்படுகிறது. இதற்கு விலக்கு, தென்மேற்கிலுள்ள டார்ட்மூரின் பொதுமேய்ச்சல் வெளிகள் மட்டுமே. அங்கேயும், 1985-ஆம் ஆண்டின் டார்ட்மூர் சட்டம் தருகின்ற 'திறந்த வெளியில் பொழுதுபோக்கும்' உரிமைக்குள் கூடாரத்தில் இரவு தங்குவது அடங்காது என்று நில உரிமையாளர்கள் வழக்காடி, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பினால் அந்த உரிமையை உறுதிசெய்தது. ஒரு மூலையில் ஓரிரவு தலைசாய்ப்பதற்கே இத்தனை படிகள் ஏற வேண்டியிருக்கும் நாட்டில், நியாயமான வாடகைக்குத் தன் வயலைத் திறந்துவிடும் விவசாயிதான் சாதாரணக் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே கதவு. இருக்கிற வயல்களும் நான்கைந்து குடில்களுக்காக மூடப்பட்டால் அந்தக் கதவும் அடைபட்டுப்போகும்.

விவசாயியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், நிலத்தின் பரப்பளவைப் பார்த்து வழங்கப்பட்டு வந்த நேரடி உதவித்தொகை 2021 முதல் ஆண்டுதோறும் குறைக்கப்பட்டு, 2027-உடன் முற்றாக நின்றுவிடும் நிலையில் இருக்கிறது. மாட்டையும் ஆட்டையும் மட்டும் நம்பி இனிக் கட்டுப்படியாகாது என்று கண்ட குடும்பங்கள், கடன் வாங்கிக் குடில் வைக்கின்றன; கடனை அடைக்கும் கவலை வாடகையில் தெரிகிறது. பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் டேவிட் கமரன் 2017-இல் தம் தோட்டத்தில் வைப்பதற்கு வாங்கிய மேய்ப்பர் வண்டியின் விலை 25,000 பவுண் என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. ஆட்டுக்குட்டி ஈனும் காலத்தில் இரவெல்லாம் மந்தைக்குக் காவலிருந்த கூலிக்காரன் படுத்துறங்கிய வண்டி அது. இந்த விலையை அவன் கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பான்.

குடில் கட்டுவதற்கு முதலீடும் உள்ளூராட்சியின் திட்ட அனுமதியும் வேண்டியிருக்க, வயலைத் திறப்பதற்கான வழியை அரசு எளிதாக்கியிருக்கிறது என்பதும் தங்கள் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டிய செய்தி. 2023 ஜூலை முதல், இங்கிலாந்தில் நில உரிமையாளர் ஒருவர் முழுத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்காமலே, ஆண்டுக்கு 60 நாட்கள் வரை, 50 கூடாரங்களோ தங்கும் வசதியுள்ள மோட்டார் வாகனங்களோ நிற்க வயலைத் திறந்துவைக்கலாம். உள்ளூராட்சிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், கழிப்பறைக்கும் குப்பைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு முன் இருந்த பொதுவான வரம்பு 28 நாட்கள்தான். பாடசாலை விடுமுறைக் காலம் முழுவதையும் இந்த 60 நாட்களுக்குள் அடக்கிவிடலாம் என்பதால், ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு மூன்று கழிப்பறைகள், வேலியோரமாக எழுதிவைத்த விலைப்பலகை என்ற அளவில் பல வயல்கள் கோடையில் மட்டும் தோன்றி மறைகின்றன. இவற்றில் பலவற்றுக்குப் பெரிய விளம்பரம் கிடையாது. நம் மக்கள் கேள்விப்படாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடில்தான் பொருத்தம் என்று நான் நினைக்கும் குடும்பங்களும் உண்டு. முழங்கால் வலியுள்ள பெற்றோரைத் தரையில் விரித்த பாயிலிருந்து காலையில் எழுப்புவது அவர்களுக்கும் கூட இருப்பவர்களுக்கும் வேதனை. அதைவிட முக்கியமாக, இலங்கைப் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழும் கூடாரத்திலும் மாதக்கணக்கில் வாழ்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு கொடுத்துக் கூடாரத்தில் படுக்கப் போகிறோம் என்று பிள்ளைகள் துள்ளும்போது அம்மாவோ அப்பாவோ ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடும் வீடுகளை நான் அறிவேன். அவர்களிடம் போய்க் கூடாரத்தின் இன்பத்தைப் பற்றி விரிவுரை செய்வது நாகரிகமல்ல. மரச்சுவரும் பூட்டக்கூடிய கதவும் உள்ள குடிலை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு மற்றவர்கள் அதே பண்ணையின் வயலில் கூடாரம் அடிக்கலாம். இரண்டையும் வைத்திருக்கும் பண்ணைகள் இருக்கின்றன.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் டோர்செட்டின் பேர்பெக் பகுதியைத்தான் சொல்வேன். லண்டனிலிருந்து வாகனத்தில் மூன்று மணி நேரத்துக்குள் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் போய்ச் சேரலாம். 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஜுராசிக் கடற்கரை ஏறத்தாழ 155 கிலோமீற்றர் நீளமானது. டேர்டில் டோர் கல்வளைவும் லல்வேர்த் குடாவும் கிம்மரிட்ஜின் கரிய பாறைத் தட்டுகளும் அதில் அடக்கம். லாங்டன் மற்றேவர்ஸ், வேர்த் மற்றேவர்ஸ் என்ற கல்லுடைத்த கிராமங்களைச் சுற்றிய வயல்களில் கூடாரமடித்தால், கடலோரப் பாதைக்கு நடந்தே போகலாம். ஜூன் பிற்பகுதியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதே காலுக்கு மேலாகிவிடும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், ஆனால் ஐந்து மணிக்கு முன்பே விடிந்து கூடாரத் துணியெல்லாம் ஒளிரத் தொடங்கும் என்பதைப் பெற்றோர் எதிர்பார்த்திருக்க வேண்டும். மலையை விரும்புகிறவர்களுக்கு ஏரி மாவட்டத்தில் நாஷனல் ட்ரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை நடத்தும் வாஸ்டேல் ஹெட், கிரேட் லாங்டேல் வயல்கள் உள்ளன. முன்னையது 978 மீற்றர் உயரமுள்ள ஸ்கபெல் பைக்கின் அடிவாரம். அங்கே போனால் மழைக்கு முகம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அயலிலுள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. லண்டனில் பெய்வது அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்.

புதிதாகப் போகிறவர்கள் போர்வையைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள். உடற்சூட்டை உறிஞ்சுவது கீழேயுள்ள மண். ஆகவே மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிக்கும் தடித்த பாய்க்கே முதற்செலவு செய்ய வேண்டும். ஓகஸ்டிலும் உட்பகுதிகளில் தெளிந்த வானமுள்ள இரவு 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. மின்சார இணைப்புள்ள இடத்தை எடுத்தால் வீட்டுச் சமையலறையைப் போல நினைத்துவிடக் கூடாது. பல வயல்களில் கிடைப்பது 10 அம்பியர், அதாவது 2,300 வாற்று. 3,000 வாற்றுக் கேத்தலைப் போட்டவுடன் இணைப்பு அறுந்து, பண்ணைக்காரரைத் தேடி ஓட வேண்டியிருக்கும். சிறிய சோற்றுக் குக்கர் பெரும்பாலும் 1,000 வாற்றுக்குள் அடங்குவதால் சிக்கலில்லை. நம்மவர்களுக்கு அது போதும்.

அடுப்பைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். மழை தூறத் தொடங்கியதும் எரிகரி அடுப்பைக் கூடாரத்தின் முன்தாழ்வாரத்துக்குள் இழுத்து வைப்பதும், தணல் அவிந்துவிட்டதென்று நம்பிக் குளிருக்காக உள்ளேயே விட்டுவிடுவதும் உயிரைப் பறிக்கும் செயல்கள். அவிந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மொனொக்சைட் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் எழுவதும் இல்லை. இந்த நாட்டில் கூடாரங்களுக்குள் இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தி வீசும் தகரத் தட்டு அடுப்புகளை அறவே தவிர்க்கலாம். 2020 மே மாதத்தில் டோர்செட்டின் வேரம் காட்டில் ஏறத்தாழ 220 ஹெக்டேயர் எரிந்து கருகியபோது, அத்தகைய அடுப்புகளைத் தீயணைப்புப் படையினர் அங்கே கண்டெடுத்தார்கள். நியூ பொரஸ்ட் பகுதியில் 2023 முதல் வெளியிடங்களில் தீ மூட்டவும் பார்பிக்யூ அடுப்பு எரிக்கவும் தடை விதிக்கப்பட்டுள்ளது.

கடலில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு இடையில் மட்டும் இறங்குங்கள். உயிர்காப்பாளர் கண்காணிப்பது அந்தப் பகுதியைத்தான். தென்கரையிலேயே ஓகஸ்டில் நீர் 20 பாகையைத் தொடுவது அரிது. ஊர்க்கடலில் நீந்தப் பழகியவருக்கும் முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மூன்று நான்கு குடும்பங்களாக, இருபது பேருக்குக் குறையாமல் போவது நம் வழக்கம். பெரிய குழுக்களை ஏற்பதில்லை என்று பல வயல்கள் விதி வைத்திருக்கின்றன. அவ்வாறு மறுக்கப்பட்டவர்கள் சிலர் அதை நிறத்தின் மேல் போட்டுப் பேசுகிறார்கள். சில இடங்களில் அப்படியும் இருக்கலாம். நாட்டுப்புறம் தங்களுக்குரிய இடமல்ல என்று சிறுபான்மை மக்கள் உணர்வதை, தேசியப் பூங்காக்கள் பற்றி 2019-இல் ஜூலியன் குளோவர் தலைமையில் அரசுக்கு அளிக்கப்பட்ட ஆய்வறிக்கையும் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த விதியின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இரவுச் சத்தத்தைப் பற்றிய அச்சம்தான். பத்தரை, பதினொரு மணிக்கு மேல் பேச்சையும் பாட்டையும் அடக்குவதாகச் சொல்லி முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டால், வயலின் ஒதுக்குப்புறத்தில் தனி மூலை ஒன்றைத் தரும் பண்ணைக்காரர்கள் உண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய விடுமுறைக் கட்டுரைகளை ஜூலையில் வெளியிடுவதால் பயன் குறைவு. கடலோரத்தில் பெயர்பெற்ற வயல்களில் பாடசாலை விடுமுறைக்கான இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. அடுத்த ஆண்டு தைப்பொங்கல் இதழை ஒட்டியே அதை வெளியிட்டு, குடில்களின் பக்கத்தில் கூடார வயல்களின் வாடகையையும், குழுக்களை ஏற்கிறார்களா என்பதையும், அருகிலுள்ள புகையிரத நிலையத்தின் பெயரையும் சேர்த்து அச்சிடுவீர்களானால், வாகனம் இல்லாத குடும்பங்களும் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஹரோ, லண்டன்