அலை அளக்கும் மிதவை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. என் பாடு முழுக்க இந்த மிதவையோடுதான்.

"போனிலேயே ஆக்சிலரோமீட்டர் இருக்கிறதே, அதை டப்பாவில் அடைத்துக் கடலில் போட்டால் போதாதா?" என்று கேட்டிருந்தாய். பாதி சரி. சென்சார் இன்று மலிவுதான். ஆனால் அது சொல்வது முடுக்கத்தை. நமக்கு வேண்டியது உயரம். நடுவில் இரண்டு முறை தொகையிட வேண்டும் (நொடிக்கு நொடி கூட்டி முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து உயரம்), வம்பே அங்கேதான். ஒரு மீட்டர் உயர அலை 5 நொடிக்கு ஒன்றாக வந்தால் அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 12-ல் ஒரு பங்கு. அதே உயர அலை 20 நொடிக்கு ஒன்று என்றால் 200-ல் ஒரு பங்குதான். மலிவு சென்சாரின் இரைச்சல் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். தொகையிடும்போது இல்லாத நெடிய அலைகளையும் காட்டும்.

அந்த நெடிய அலைகளின் பகுதியையே கணக்கிலிருந்து வெட்டி எறிந்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஆழ்கடலில் 20 நொடி அலைக்கூட்டம் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எங்கோ அடிக்கும் புயலின் அலைகளில் முதலில் வந்து சேருபவை இந்த நெடியவைதான். அவற்றை விட்டுவிட்டு எதை அளப்பது?

ஜிபிஎஸ் இன்னொரு வழி. டாப்ளர் மூலம், அதாவது அசைவால் சிக்னலின் அதிர்வெண் மாறுவதை வைத்து, அது வேகத்தையே தருவதால் ஒரு முறை தொகையிட்டால் போதும். அலை உடைந்து ஆன்டெனாவை மூடும் நொடிகளில் மட்டும் சிக்னல் போய்விடும். இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் நல்லது என்று தோன்றுகிறது. கடலில் இறக்குமுன், இரண்டு மீட்டர் விட்டமுள்ள செங்குத்துச் சக்கரத்தில் கட்டிச் சுற்ற வேண்டும். மிதவை இரண்டு மீட்டர் அலை என்று சொன்னால் நம்பலாம்.

2022-ல் வெளியான ஓப்பன்மெட்பாய் என்ற மிதவையின் வடிவமைப்பைப் பார். சர்க்யூட், நிரல் எல்லாமே திறந்த மூலம்; கடல்பனிக்கு நடுவிலும் வேலை செய்திருக்கிறது. நங்கூரமிட்ட ஒரு விலையுயர்ந்த மிதவை ஓரிடத்தின் கதையைத்தான் சொல்லும். மலிவானவை பத்தை மிதக்க விட்டால் புயலுக்குள்ளேயே சில போய்ச் சேரலாம். ஆனால் திரும்பி வராத பிளாஸ்டிக்கும் லித்தியம் பேட்டரியும் உறுத்துகின்றன. அதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.

சரி, உன்னிடம் ஒரு வேலை. இருபது நிமிடப் பதிவை முழுதாக அனுப்ப முடியாது. இரிடியம் செயற்கைக்கோள் வழிக் குறுஞ்செய்தி ஒன்றில் 340 பைட்தான் போகும். அலைநிறமாலை (எந்த அலைநேரத்தில் எவ்வளவு ஆற்றல் என்ற பட்டியல்), திசை, பேட்டரி நிலை, இருப்பிடம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். குறிப்பலை உயரத்தை (பெரிய அலைகளில் மூன்றில் ஒரு பங்கின் சராசரி உயரம்) தனியாக அனுப்பத் தேவையில்லை, நிறமாலையிலிருந்தே கரையில் கணக்கிடலாம். பழைய நாட்களில் பிட் பிட்டாகக் கஞ்சத்தனம் பண்ணுவாயே, அந்தக் கை இன்னும் இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே எழுது, நிரலை அனுப்புகிறேன்.

அன்புடன்,
முரளி